‘எல்லாம் இருக்க வேண்டும்’ என்று கணினியிடம் கேட்பது எப்படி?

வரன் பார்க்கும் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். “பத்துப் பொருத்தத்தில் சிலது இருந்தால் போதும்” என்பார் ஒருவர். “பத்தும் இருந்தால்தான் பேச்சு” என்பார் மற்றொருவர். இரண்டு பேரும் ஒரே ஜாதகக் கட்டைத்தான் புரட்டுகிறார்கள். ஆனால், கேட்பது வேறு வேறு கேள்வி.

தரவுத்தளத்தில் ஆட்களைத் தேடும் கணினிக்கும் இதே நிலைதான். ‘இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளவர் யார்?’ என்ற கேள்விக்கு அது சட்டென்று பதில் சொல்லிவிடும். ‘இவை எல்லாமே உள்ளவர் யார்?’ என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கேள்வியை எழுதுபவர் கொஞ்சம் அசந்தால் தகுதி இல்லாதவர் பட்டியலில் நுழைந்துவிடுவார். தகுதி உள்ளவர் வெளியே நிற்பார். இரண்டிலும் கணினி பிழைச் செய்தி எதையும் காட்டாது. பட்டியல் அழகாக வந்து நிற்கும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம், தொண்டூழியர்களைத் தேடும் அமைப்பு, ஒரு பாடத்தைப் படிக்கத் தேவையான முன்பாடங்களை எல்லாம் முடித்த மாணவர்களைப் பிரிக்கும் கல்லூரி என்று அன்றாடம் பல இடங்களில் இந்தக் கேள்வி எழுகிறது. தகவல் தொழில்நுட்பத் துறையில் சேரும் இளையர்களிடம் நேர்முகத் தேர்வில் விரும்பிக் கேட்கப்படும் கேள்விகளிலும் இது ஒன்று.

நான்கு பேர், எட்டு வரிகள்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தனியாக வசிக்கும் தமிழ் முதியவர்களை வீட்டுக்குச் சென்று பார்த்துவர, ஒரு முதியோர் நிலையத்துக்குத் தொண்டூழியர்கள் தேவை. நிபந்தனைகள் மூன்று: தமிழ் பேச வேண்டும், முதலுதவிச் சான்றிதழ் இருக்க வேண்டும், சனிக்கிழமை காலையில் ஓய்வாக இருக்க வேண்டும்.

பதிவு செய்திருப்பவர்கள் நான்கு பேர். தாதி ஒருவர், அவரிடம் மூன்றும் உண்டு. ஆசிரியர் ஒருவர், தமிழும் சனிக்கிழமையும் உண்டு, முதலுதவிச் சான்றிதழ் இல்லை. ஓட்டுநர் ஒருவர், முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பித்ததால் அது அவர் பெயரில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது, சனிக்கிழமையும் உண்டு, ஆனால் தமிழ் தெரியாது. மாணவர் ஒருவர், பெயரை மட்டும் பதிந்துவிட்டு மற்ற விவரங்களை நிரப்பாமல் விட்டுவிட்டார்.

நல்ல தரவுத்தளத்தில் இந்தத் தகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்கும். ‘தாதி – தமிழ்’ ஒரு வரி, ‘தாதி – முதலுதவி’ இன்னொரு வரி. இப்படித் தாதிக்கு மூன்று, ஆசிரியருக்கு இரண்டு, ஓட்டுநருக்கு மூன்று என மொத்தம் எட்டு வரிகள். மாணவருக்கு ஒன்றும் இல்லை.

எக்செல் தாளில் பட்டியல் வைத்திருக்கும் பலர், ‘தமிழ், முதலுதவி, சனி’ என்று எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டு எழுதிவிடுகிறார்கள். படிக்க வசதிதான். தேடும்போதுதான் தலைவலி. திறன்கள் எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்கும் தாளில் ‘ஜாவா’ என்று தேடினால் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ மட்டும் தெரிந்தவரும் வந்துவிடுவார். பெயர் ஒட்டியிருந்தாலும் இரண்டும் வெவ்வேறு கணினி மொழிகள். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு விவரம் என்பது தரவுத்தளத் துறையின் பால பாடம்.

‘மற்றும்’ என்ற சொல்லின் பொறி

இந்த எட்டு வரிகளிலிருந்து தாதியை மட்டும் எடுக்க வேண்டும். புதிதாகக் கற்பவர் முதலில் எழுதுவது, ‘தகுதி தமிழாகவும் முதலுதவியாகவும் சனிக்கிழமையாகவும் இருக்கும் வரியைக் கொடு’ என்பதுதான். பேச்சுத் தமிழில் இதில் தவறே இல்லை. ஆனால், கணினி ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் பார்க்கிறது. ஒரே வரியில் இருக்கும் ஒரு தகுதி, தமிழாகவும் முதலுதவியாகவும் ஒருசேர இருக்க முடியாது. பதில்: ஒருவரும் இல்லை.

உடனே ‘மற்றும்’ என்பதை ‘அல்லது’ என்று மாற்றிப் பார்ப்பார்கள். இப்போது எட்டு வரிகளும் வந்துவிடும். தாதி, ஆசிரியர், ஓட்டுநர் மூவரும் பட்டியலில் இருப்பார்கள். பட்டியல் காலியாக இல்லை என்ற நிம்மதியில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால், அது கேட்ட கேள்விக்கான பதில் அல்ல. மூன்றில் ஏதாவது ஒன்று உள்ளவர்களின் பட்டியல் அது.

சரியான வழிகள் இரண்டு.

முதலாவது, எண்ணும் வழி. மூன்று தகுதிகளில் ஏதாவது ஒன்று உள்ள வரிகளை எடுத்து, ஆள்வாரியாகக் கூட்டிவைத்து, யாருக்கு மூன்று இருக்கிறது என்று எண்ணுவது. எஸ்கியூஎல் மொழியில் ‘குரூப் பை’, ‘ஹேவிங்’ ஆகிய சொற்களைக் கொண்டு இதை எழுதுவார்கள். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. வெறும் வரிகளை எண்ணினால் ஓட்டுநருக்கும் மூன்று வரும். முதலுதவி இரண்டு முறை பதிவாகியிருக்கிறதே! தமிழ் தெரியாத ஒருவர் தமிழ் மூதாட்டி வீட்டு வாசலில் போய் நிற்பார். வரிகளை எண்ணாமல், வெவ்வேறான தகுதிகளை எண்ண வேண்டும். அதற்கு ‘டிஸ்டிங்க்ட்’ என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ஓட்டுநரின் எண்ணிக்கை இரண்டாக இறங்கிவிடும். தாதி மட்டும் மிஞ்சுவார்.

இரண்டாவது, இல்லாமையைத் தேடும் வழி. ‘எல்லாம் உள்ளவர்’ என்பதைத் திருப்பிப் போட்டால், ‘இல்லாதது என்று ஒன்றும் இல்லாதவர்’. எஸ்கியூஎல்லில் ‘எல்லாம்’ என்பதை நேரடியாகச் சொல்லும் வசதி இல்லாததால், ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ என்பதை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முறை எழுதுவார்கள். ‘இந்த ஆளிடம் இல்லாத நிபந்தனை ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அவரைக் கொடு.’ முதல் முறை படிப்பவருக்குத் தலை சுற்றும். ஆனால், வாகனப் பரிசோதனையில் நாம் கேட்பதும் இதுதான். ‘எல்லாம் சரியா?’ என்று கேட்டாலும், பரிசோதகர் தேடுவது ஏதாவது ஒரு குறையைத்தான். ஒரு குறை கண்ணில் பட்டதும் மற்றதைப் பார்க்க வேண்டியதே இல்லை.

நிபந்தனையே இல்லாவிட்டால்?

இந்த இரு வழிகளும் எப்போதும் ஒரே பதிலைத் தருவதில்லை. தேடுபவர் ஒரு நிபந்தனையையும் தேர்ந்தெடுக்காமல் பொத்தானை அழுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணும் வழியில் எடுப்பதற்கு வரியே இல்லை. எனவே பட்டியல் காலி. இல்லாமையைத் தேடும் வழியில், யாரிடமும் குறை சொல்ல ஒரு நிபந்தனை கூட இல்லை. எனவே விவரம் நிரப்பாத மாணவர் உட்பட நால்வரும் தேறிவிடுவார்கள்.

தர்க்கப்படி இரண்டாவது பதிலே சரி. ஆனால், பயன்படுத்துபவருக்கு எது வேண்டும் என்பதை மென்பொருளை உருவாக்குபவர்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

காலிக் கட்டங்களிலும் கவனம் தேவை. எஸ்கியூஎல்லில் ‘நல்’ எனப்படும் காலி மதிப்புக்குப் பொருள், ‘இல்லை’ என்பதல்ல, ‘தெரியாது’ என்பது. ஏற்கெனவே வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர்களை விட்டுவிட்டு மற்றவர்களைக் கொடு என்று ‘நாட் இன்’ கொண்டு கேட்கிறோம். அந்த அனுப்பப்பட்டவர் பட்டியலில் ஒரே ஒரு பெயர் காலியாக இருந்தாலும் பதில் முழுவதும் வெறுமையாகிவிடும். ‘அந்தத் தெரியாத ஆள் இவராக இருக்கலாமோ’ என்ற ஐயம் எல்லார் மீதும் விழுவதே காரணம். அனுபவசாலிகள் அந்த இடத்தில் ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ எழுதுவது இதனால்தான்.

ஒரு கணித மேதையின் ‘வகுத்தல்’

இந்தக் கேள்விக்குத் தரவுத்தளத் துறையில் ஒரு பெயர் உண்டு: உறவுமுறை வகுத்தல். இதற்கு வித்திட்டவர் எட்கர் காட். இங்கிலாந்தில் 1923இல் பிறந்து, ஆக்ஸ்ஃபர்டில் படித்து, இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அக்காலத் தரவுத்தளங்களில் ஒரு விவரத்தைத் தேட, அது எந்த வழியில் கோக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நிரலாளர் அறிந்திருக்க வேண்டும். காட் 1970இல் வெளியிட்ட கட்டுரை அதை மாற்றியது. விவரங்களை எளிய அட்டவணைகளாக வைப்போம். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்போம். எப்படித் தேடுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அதன் சாரம். 1972இல் அட்டவணைகள் மீதான அடிப்படைச் செயல்களை அவர் வரிசைப்படுத்தியபோது, அவற்றில் ஒன்றாக வகுத்தலும் இடம்பெற்றது.

ஏன் வகுத்தல்? 12ஐ 3ஆல் வகுத்தால் 4. அந்த 4ஐ மீண்டும் 3ஆல் பெருக்கினால் 12. அதுபோல, தொண்டூழியர் அட்டவணையை நிபந்தனைப் பட்டியலால் ‘வகுத்தால்’ கிடைப்பவர் தாதி. அவரை மூன்று நிபந்தனைகளுடனும் இணைத்து ‘பெருக்கினால்’ வரும் மூன்று வரிகளும் பழைய அட்டவணையில் அப்படியே இருக்கும். ஆசிரியரைப் பெருக்கினால் ‘ஆசிரியர் – முதலுதவி’ என்ற, அட்டவணையில் இல்லாத வரி வந்துவிடும். ஆகவே அவர் தேறமாட்டார்.

காட்டின் கருத்துகளை அடியொற்றி, ஐபிஎம்மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974இல் அறிமுகப்படுத்திய மொழியே இன்றைய எஸ்கியூஎல்லின் முன்னோடி. 1986இல் அமெரிக்காவில் அது தர மொழியாக ஏற்கப்பட்டது. ஆனால், வகுத்தலுக்கென்று தனிச் சொல் அதில் சேரவில்லை. காட் 1981இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருதைப் பெற்றார், 2003இல் காலமானார். அவர் பெயரிட்ட ‘வகுத்தலை’ இன்றும் நிரலாளர்கள் எண்ணியும் மறுத்தும் சுற்றுவழியில்தான் எழுதுகிறார்கள்.

அரிதானதில் தொடங்குங்கள்

நான்கு பேர் என்றால் எப்படி எழுதினாலும் கண் இமைக்கும் நேரம்தான். பட்டியல் பெரிதாகும்போது எழுதும் விதம் காசாகவும் நேரமாகவும் மாறுகிறது.

100,000 தொண்டூழியர்கள், சராசரியாக ஆளுக்கு ஆறு தகுதிகள் என்று கொள்வோம். மொத்தம் 600,000 வரிகள். அவர்களில் 60,000 பேர் சனிக்கிழமை வரக்கூடியவர்கள். 20,000 பேர் முதலுதவி கற்றவர்கள். 300 பேர் மட்டுமே சைகை மொழி அறிந்தவர்கள். மூன்றும் உள்ளவர் வேண்டும்.

எந்த ஏற்பாடும் இல்லாவிட்டால் கணினி 600,000 வரிகளையும் புரட்ட வேண்டும். எண்ணும் வழியில், தேவையான வரிகளை மட்டும் எடுக்க முடிந்தாலும், 60,000, 20,000, 300 என்று 80,300 வரிகளைச் சேர்த்துப் பிறகு எண்ண வேண்டும். ஆனால், சைகை மொழி அறிந்த 300 பேரை முதலில் எடுத்து, அவர்களிடம் மட்டும் மற்ற இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தால், அதிகபட்சம் 600 சரிபார்ப்புகளில் வேலை முடிந்துவிடும். கூட்டத்தில் ஒருவரைத் தேடும்போது ‘கண்ணாடி போட்டவர்’ என்று தொடங்காமல், ‘சிவப்புத் தலைப்பாகை கட்டியவர்’ என்று தொடங்குகிறோமே, அதே உத்தி.

இதற்குத் துணை நிற்பது ‘இண்டெக்ஸ்’. புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போன்றது. பெரும்பாலான தரவுத்தளங்கள் இதை ‘பி-ட்ரீ’ எனும் மர அமைப்பில் வைக்கின்றன. ஒரு பக்கத்தில் 200 பதிவுகள் என்றால், மூன்று படி இறங்குவதற்குள் 200 × 200 × 200, அதாவது 8 மில்லியன் பதிவுகளில் ஒன்றை எட்டிவிடலாம்.

இண்டெக்ஸில் எது முன்னே, எது பின்னே என்பதும் முக்கியம். ‘தகுதி, பிறகு ஆள்’ என்று அடுக்கினால், சைகை மொழி அறிந்த எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். குறிப்பிட்ட ஆளிடம் குறிப்பிட்ட தகுதி உண்டா என்பதையும் உடனே பார்க்கலாம். ‘ஆள், பிறகு தகுதி’ என்று மட்டும் அடுக்கியிருந்தால், சைகை மொழி அறிந்தவர்களைச் சேர்ப்பது, தொலைபேசிப் புத்தகத்தில் எண்ணை வைத்துக்கொண்டு பெயரைத் தேடுவதைப் போலாகிவிடும்.

எந்த நிபந்தனையில் தொடங்குவது என்பதை இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் தாமே கணிக்கின்றன. ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டு, மலிவானதைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஐபிஎம்மின் பட்ரிசியா செலிங்கரும் அவருடைய குழுவினரும் 1979இல் விளக்கினர். அக்கணிப்பு, தரவுத்தளம் வைத்திருக்கும் புள்ளிவிவரத்தைப் பொறுத்தது. அது பழையதாக இருந்தால் கணிப்பும் பிசகும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்றவற்றில் வினவலுக்கு முன் ‘எக்ஸ்பிளெயின்’ என்று சேர்த்தால், எந்த வழியில் தேடப் போகிறது என்பதை அது காட்டிவிடும். வேகமாக இருக்கிறதா என்று ஊகிப்பதைவிட, அதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

வெளியே நிற்பவர் யார்?

வினவல் சரி, வேகமும் சரி. அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சும். கேட்ட ‘எல்லாம்’ உண்மையிலேயே தேவையா?

ஒரு வேலைக்கு எட்டு நிபந்தனைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பத்தில் ஏழு பேரிடம் இருக்கக்கூடிய சாதாரணத் தகுதிதான். அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், எட்டும் ஒருசேர இருப்பவர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. விண்ணப்பித்த 1,000 பேரில் ஏறக்குறைய 58 பேரைத்தான் கணினி காட்டும். ஒன்றே ஒன்று குறைந்தவர்கள் அவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல், கிட்டத்தட்ட 200 பேர், யார் கண்ணிலும் படாமல் போவார்கள். உண்மை வாழ்க்கையில் தகுதிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் எண்கள் மாறும். போக்கு மாறாது.

இது வெறும் கணக்கு அல்ல. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சர் நிறுவனமும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், உயர்திறன் பணிகளுக்குத் தகுதியுள்ளவர்கள் கூட, நிபந்தனைகளுடன் அச்சுப் பிசகாமல் பொருந்தாததால் வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள் என்று முதலாளிகளில் 88 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர். குழந்தை வளர்ப்புக்காகவோ பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ சில மாதங்கள் வேலையிலிருந்து விலகியவர்களும் இந்த வடிகட்டியில் சிக்குகிறார்கள்.

இதற்கு மாற்று, எண்ணும் வழியிலேயே இருக்கிறது. ‘எட்டும் இருப்பவர்’ என்று கேட்பதற்குப் பதில், ‘ஏழாவது இருப்பவர்’ என்று கேட்டு, எது குறைகிறது என்பதையும் அருகில் காட்டச் சொல்லலாம். நம் எடுத்துக்காட்டில் ஆசிரியர் அப்போது வெளிச்சத்துக்கு வருவார். அவருக்கு முதலுதவிப் பயிற்சி அளித்தால் நிலையத்துக்கு இன்னொரு தொண்டூழியர் கிடைப்பார். ஓட்டுநரிடம் குறைவதும் ஒன்றுதான். ஆனால் தமிழை ஒரு வார இறுதியில் கற்றுக்கொடுக்க முடியாது. எனவே, தவிர்க்க முடியாத நிபந்தனைகளை ‘எல்லாம்’ என்ற கேள்வியிலும், கற்றுக்கொள்ளக்கூடியவற்றை மதிப்பெண்ணாகவும் வைப்பதே நியாயமான முறை. ரஜ்ஜுப் பொருத்தம் மட்டும் கட்டாயம், மற்றவற்றில் பெரும்பான்மை இருந்தால் போதும் என்று வரன் பார்க்கும் குடும்பங்கள் செய்வதும் இதைத்தான்.

கையில் வைத்துக்கொள்ள

இத்தகைய வினவல்களை எழுதும் இளையர்கள், செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கினாலும் சரி, நம் நால்வரைப் போன்ற சிறு மாதிரியில் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். எல்லாம் உள்ளவர், ஒன்று குறைந்தவர், ஒன்றே இருமுறை பதிவானவர், ஒன்றுமே நிரப்பாதவர். இந்த நால்வரையும் சரியாகப் பிரிக்கும் வினவலை நம்பிப் பெரிய தரவுத்தளத்தில் ஓட்டலாம். நிபந்தனை எதுவும் தராமலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சங்கம், கோயில், குடியிருப்பாளர் குழு போன்றவற்றுக்குப் பட்டியல் பராமரிப்பவர்கள், தகுதிகளைக் கையால் தட்டச்சு செய்யவிடாமல், தெரிவுப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். ‘தமிழ்’ என்பதை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்தால், கணினிக்கு அவை மூன்று மொழிகள்.

வேலை தேடுபவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இணையத்தளங்களில் விவரப் பக்கத்தை அரைகுறையாக விட்டுவிடாதீர்கள். நீங்கள் முடித்த பயிற்சி, பெற்ற சான்றிதழ், பேசும் மொழி ஆகியவற்றை அந்தந்தக் கட்டத்திலேயே நிரப்புங்கள். விளம்பரத்தில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள். நம் எடுத்துக்காட்டில் பெயரை மட்டும் பதிந்த மாணவருக்கு மூன்று தகுதிகளும் இருந்திருக்கலாம். அவரைக் கேட்டால் சொல்லியிருப்பார். கணினி யாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.